கண்ணுக்கு ஐம்பது ரூபாய்

"அது சரித்தா, கண்ணுக்கு எவ்வளவு?" என்று மாமா கேட்டார்.

பாம்பன் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து அவர் போனில் பேசினால் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். அதனால் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. பாலத்தில் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் இருப்பதை எங்கள் ஊரில் கண் என்பார்கள். தில்லிக்கு வந்து பன்னிரண்டு வருடம் கோப்புகளோடு மல்லுக்கட்டியதில் அந்தச் சொல்லே மறந்து போய், நான் 'ஸ்பேன், ஸ்பேன்' என்று சொல்லிக் கொண்டிருந்திருக்கிறேன். மாமா பாம்பன் பாலத்தில் கீமேனாக, அதாவது தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்க்கிற ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பாலம் என்றாலே கண் கணக்குதான்.

விஷயம் இவ்வளவுதான். நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில், தில்லியில் யமுனைக்கு மேல் நிற்கிற பழைய இரும்புப் பாலத்தில், கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு நாங்கள் கொஞ்சம் பேர் நடப்பது. நடக்கிற ஒவ்வொருவரும் தெரிந்தவர், அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர், நாத்தனார், மைத்துனர் என்று ஆள் பிடித்து, பாலத்தின் ஒரு கண்ணுக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மொத்தம் 12 கண். கண்ணுக்கு 50 ரூபாய் என்றால் 600. நடந்து முடித்ததும் வசூல்.

மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "என்னைய நடக்கச் சொல்லி ரயில்வேயில சம்பளம் குடுத்தாக. நீங்க நடக்குறதுக்கு ஊரான் காசு குடுக்கணுமாக்கும்? எம்புட்டு நீளம்?" என்றார்.

"2,640 அடி மாமா."

"அப்ப அரை மைலு." அவர் மனக்கணக்கில் இன்றும் புலி. "அரை மைலுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?"

சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அன்றிலிருந்து கூடவே வந்தது.

யாருக்காக இந்த வசூல் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தில்லியில் ஜங்புரா பக்கம் பாராபுல்லா வடிகாலை ஒட்டி மதராசி கேம்ப் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள், வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து தில்லியிலேயே மூன்றாம் தலைமுறையைப் பார்த்துவிட்டவர்கள். மழைக் காலத்தில் தண்ணீர் தேங்காமல் ஓட வடிகாலை அகலப்படுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் உத்தரவாகி, 2025 ஜூன் 1ஆம் தேதி அது இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 வீடுகள். அதில் 189 குடும்பங்களுக்கு மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்று சொல்லி நரேலாவில் அடுக்குமாடி வீடு ஒதுக்கினார்கள். நரேலா தில்லியின் வடக்கு ஓரத்தில், அரியானா எல்லையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. ஜங்புராவிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு நகரத்தில் ஏழு பள்ளிகள் இருக்கின்றன, நரேலாவில் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே போன பிள்ளைகளுக்கு இரண்டே வழி: தமிழை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கிற பள்ளியில் சேர்வது, அல்லது விடியற்காலை இருட்டில் எழுந்து வேனில் இரண்டு மணி நேரம் போவது. எங்களுக்குத் தெரிந்து பதினோரு பிள்ளைகள் இரண்டாவது வழியில் போய்க் கொண்டிருந்தார்கள். வேனுக்கு ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய். பாத்திரம் தேய்த்துச் சம்பாதிக்கிற அம்மாக்களுக்கு அது என்ன தொகை என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதிலும் அவர்கள் வேலை பார்த்த வீடுகளெல்லாம் ஜங்புராவிலேயே நின்றுவிட்டன.

இதற்குப் பணம் திரட்டலாம் என்று மயூர் விஹாரில் ஒரு நண்பர் வீட்டில் கூடிப் பேசினோம். ஒருவர் கச்சேரி வைக்கலாம் என்றார். பாட வருகிறவருக்குக் கொடுத்ததுபோக நமக்கு என்ன மிஞ்சும் என்று இன்னொருவர் கேட்டதோடு அது முடிந்தது. மூன்று வருடம் எடின்பரோவில் இருந்துவிட்டு வந்த ஒரு தம்பிதான் நடைப் பேச்சை எடுத்தான். அங்கே ஃபோர்த் ரயில் பாலம் இருக்கிறது, 1890ல் திறந்தது, இன்றும் ரயில் ஓடுகிறது, அந்த ஊர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் இப்படி நடந்தே காசு சேர்ப்பார்கள் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினான். நம்மிடமும் அதைவிட மூத்த பாலம் ஒன்று இருக்கிறதே என்று யாரோ சொல்ல, அங்கேயே முடிவாகிவிட்டது. பாலத்தைப் பற்றி யாருக்கும் அப்போது ஒன்றும் தெரியாது, எனக்கும் சேர்த்துத்தான்.

அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. "மடிப்பிச்சை எடுத்துட்டுப் பழனிக்கு நடக்குற மாதிரித்தானே?" என்றாள். நானும் அந்த எடின்பரோ தம்பியும் ஒரு மணி நேரம் பேசியும் சொல்ல வராததை அவள் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். வேண்டிக்கொண்டவர் வசதியானவராகவே இருந்தாலும் நாலு வீட்டு வாசலில் போய் முந்தானையை ஏந்திவிட்டுத்தான் நடக்க வேண்டும். போடுகிறவருக்கும் அந்த நடையில் பங்கு உண்டு.

லோஹே கா புல். தில்லியில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், இரும்புப் பாலம். கிழக்கிந்திய ரயில்வே 1866ல் கட்டியது. மேல் தளத்தில் ரயில், கீழ்த் தளத்தில் சாலை. 202 அடிக்குச் சற்றே கூடுதலான கண்கள் பன்னிரண்டு. முதலில் ஒற்றைத் தடம்தான், 1913ல் இன்னொரு வரிசை கர்டர், அதாவது தூணுக்குத் தூண் தாங்குகிற இரும்பு உத்தரம் போட்டு இரட்டைத் தடம் ஆக்கினார்கள், 1930களில் பழைய கர்டர்களை மாற்றினார்கள். ஆக, இன்று நாம் பார்க்கிற இரும்பு முழுக்க 1866ஆம் வருடத்து இரும்பு கிடையாது. இது மாமா சொல்லிக் கொடுத்த பாடம். "பாலத்துக்கு வயசு தூணுலதாம்த்தா. மேல உள்ளதெல்லாம் சட்டை மாத்துற மாதிரி."

அதற்கு முன்னால் ஆற்றைக் கடக்க இருந்தது படகுகளை வரிசையாகக் கட்டிப் பலகை போட்ட பாலம். 1857 மே 11ஆம் தேதி காலையில் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் தில்லிக்குள் நுழைந்தது அந்தப் படகுப் பாலத்தின் வழியாகத்தான். அது நடந்து பத்து வருடம் ஆவதற்குள் இரும்புப் பாலம் வந்துவிட்டது. கிழக்கிலிருந்து வருகிற தண்டவாளம் ஆற்றைக் கடந்ததும் நேராக சலீம்கட் கோட்டைக்குள் புகுந்து, செங்கோட்டையின் முதுகை உரசிக்கொண்டு பழைய தில்லி நிலையத்துக்குப் போகிறது. ஷேர்ஷாவின் மகன் 1546ல் எழுப்பிய கோட்டை அது. வளைந்து போக இடமில்லாமலா அதற்குள் விட்டார்கள்? தோற்ற ஊருக்கு நடுவில் ஜெயித்தவன் வண்டி ஓட்டிக் காட்டியதாகத்தான் எனக்குப் படுகிறது. இது என் அபிப்பிராயம், வரலாற்றுக்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

தில்லியில் இருப்பவர்கள் இந்தப் பாலத்தில் கால் வைத்திருக்கவே மாட்டார்கள், ஆனால் வருடா வருடம் இதன் பெயரைக் கேட்டுக் கொண்டிருப்பார்கள். மழைக் காலத்தில் யமுனையின் மட்டத்தை அளப்பது இங்கேதான். 'பழைய ரயில் பாலத்தில் நீர்மட்டம்' என்று செய்தி ஆரம்பித்தால் எங்கள் பக்கம் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வோம். 205.33 மீட்டர் அபாய அளவு. 206 வந்தால் தாழ்வான இடத்தில் இருப்பவர்களைக் கிளப்ப வேண்டும். 1978ல் வந்த 207.49தான் ரொம்ப காலம் உச்சமாக இருந்தது. 2023 ஜூலையில் 208.66 போய் அதை அடித்துவிட்டது. அந்த வாரம் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். எங்கள் மயூர் விஹார் சாலையோரம் ஆற்றுப்படுகையில் விவசாயம் செய்கிற குடும்பங்கள் எருமை, கட்டில், டிவி சகிதம் தார்ப்பாய்க்குக் கீழே வந்து உட்கார்ந்தார்கள். 2025 செப்டம்பரில் மறுபடியும் 207ஐத் தாண்டியது. ஊரிலிருந்து அம்மா போன் போட்டு, உன் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா என்பாள். நான் நாலாவது மாடி என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பாள்.

அனுமதி வாங்கிய கதையை நீட்ட விரும்பவில்லை. ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டினார்கள், அங்கே போனால் முதல் அலுவலகத்தின் கடிதம் கேட்டார்கள். நானே அரசாங்க ஊழியை, இந்த விளையாட்டின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவள், அதனால் கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. கடைசியில் கிடைத்தது இதுதான்: ஊர்வலம் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, வண்டிகளை நிறுத்தக் கூடாது, இரண்டிரண்டு பேராக ஓரமாகப் போகலாம். மேல் தளத்தைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டப்படி குற்றம், அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. ஆகவே எங்கள் 'ரயில் பால நடை' ரயிலுக்குக் கீழே நடக்கிற நடை ஆனது. இதை மாமாவிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது.

கீமேன் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தன் பங்குக்கு விட்ட தண்டவாளத்தை, சில கிலோமீட்டர், தினமும் காலையில் நடந்தே பார்க்க வேண்டும். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கையில் சிவப்பு, பச்சைக் கொடி, ஆபத்து என்றால் தண்டவாளத்தில் வைத்து வெடிக்கப் பையில் பட்டாசு. தண்டவாளத்தைப் பிடித்து வைக்கிற கீ என்கிற ஆப்பு தளர்ந்தால் அடித்து இறுக்குவது, போல்ட்டை முடுக்குவது, விரிசல் கண்டால் ஓடிப் போய் ரயிலை நிறுத்துவது. மாமா இதைக் கடல் மேல் செய்தார். பழைய பாம்பன் பாலம் 1914ல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், 145 கண். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் அங்கே ரயிலை விடமாட்டார்கள். "அது ரயிலுக்கு. எங்களுக்குத் தொப்பி பறந்தாத் திரும்பிருவோம்" என்பார். ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையில் கீழே தண்ணீர் தெரியும். புதிதாக வருகிறவனுக்குச் சொல்லித் தருவது ஒன்றே ஒன்றுதானாம்: கடலைப் பார்க்காதே, அடுத்த கட்டையைப் பார். ரயில் வந்தால் நடுநடுவே நீட்டிக்கொண்டிருக்கிற ஒதுங்கு மேடையில் ஏறி நின்றுகொள்ள வேண்டும். நின்றுகொண்டு ஜன்னலில் இருப்பவர்களுக்குக் கை காட்டக் கூடாது, சக்கரத்தைப் பார்க்க வேண்டும். ஏதாவது தொங்குகிறதா, புகைகிறதா, சத்தம் மாறுகிறதா. சின்ன வயதில் ராமேஸ்வரம் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே மாமா தெரிவாரா என்று பார்த்து, ஒருமுறை தெரிந்தும் அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று அன்று முழுக்க அழுதிருக்கிறேன்.

நடை நாளுக்கு வருகிறேன். 80 பேர் பதிந்திருந்தார்கள். வந்தது 47. நவம்பர் கடைசியில் தில்லிக் காற்று எப்படி இருக்கும் என்று தெரிந்தும் தேதி குறித்த எங்களைத்தான் சொல்ல வேண்டும். அன்று காலை காற்றுத் தரக் குறியீடு முந்நூறுக்கு மேல். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், அவர்களை முன்வைத்துத் தூங்கியவர்கள் எல்லோரும் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டார்கள். வந்தவர்களும் முகக்கவசத்தோடு வந்தார்கள். அதற்கு மேல் டி-ஷர்ட். 'பன்னிரண்டு கண், பதினோரு பிள்ளைகள்' என்று தமிழில் அடித்திருந்தோம். அந்தப் பாலத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் அதைப் போட்டிருந்த நாங்கள் மட்டும்தான் என்பது போட்ட பிறகுதான் யாருக்கோ உறைத்தது. இன்னொரு தற்செயல், எனக்கு அப்போது தெரியாது: இடிபட்ட கேம்ப்புக்குப் பக்கத்தில் இருக்கிற, அந்த வடிகாலுக்கே பெயர் தந்த பாராபுல்லா பாலம், ஜஹாங்கீர் காலத்தது, பன்னிரண்டு தூணும் பதினோரு கண்ணும் கொண்டது.

ஆறரை மணிக்கு கிழக்குக் கரையிலிருந்து கிளம்பினோம். வெளிச்சம் சரியாக வரவில்லை. பாலத்துக்குள் நுழைந்ததும் முதலில் தாக்கியது சத்தம். இரண்டு பக்கமும் தலைக்கு மேலும் இரும்பு, ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தால் பத்து ஸ்கூட்டராகத் திரும்பி வருகிறது. இ-ரிக்‌ஷா, பால் கேன் கட்டிய மோட்டார் சைக்கிள், காந்தி நகர் சந்தைத் துணிப் பொதிகளைத் தலை உயரத்துக்கு அடுக்கிய வண்டிகள். ஞாயிறு காலை ஆறரைக்குக் கூட்டம் இருக்காது என்று அனுமதிக் கடிதத்தில் எழுதியவள் நான்தான். அந்தக் கூட்டத்தில் இரண்டிரண்டு பேராக வெள்ளை டி-ஷர்ட்டில் நாங்கள் போவது, ஏதோ கல்யாண வீட்டுக்கு வழி தவறியவர்கள் மாதிரி இருந்திருக்கும்.

மூன்றாவது கண்ணில் போய்க் கொண்டிருந்தபோது மேலே ரயில் வந்தது. மெதுவாகத்தான் வந்தது, ஆனாலும் கால் வழியாக ஏறி பல் வரைக்கும் அதிர்ந்தது. கூடவே மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எனக்கு முன்னால் போனவர் அண்ணாந்து பார்க்கப் போக, பின்னால் சைக்கிளில் வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் தலையைக் குனி என்று சைகை செய்தார். அது எந்தத் தண்ணீர் என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

பாதிப் பாலத்தில், ஒரு சக்கரம் குழியில் இறங்கி நின்ற துணி வண்டிக்காரர் ஒருவருக்கு எங்களில் நாலு பேர் கை கொடுத்துத் தள்ளிவிட்டோம். பொதிகளுக்கு மேல் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டார், யே காஹே கா ஜுலூஸ் ஹை, இது என்ன ஊர்வலம் என்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்காக நடக்கிறோம், நடந்தால் தெரிந்தவர்கள் பணம் தருவார்கள் என்று என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். அவர் என்னையும் டி-ஷர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "தோ பைசா தே தோ நா, சல் க்யூன் ரஹே ஹோ?" அப்படியானால் பணத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே, எதற்கு நடக்கிறீர்கள்? கேலி எல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தினமும் இந்தப் பாலத்தை நாலு தடவை கடக்கிறாராம். மடிப்பிச்சைக்கு ஹிந்தியில் என்ன சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் வண்டியை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

எங்களோடு நடந்த 47 பேரில் நரேலாப் பிள்ளை ஒருத்தியும் இருந்தாள். ஏழாம் வகுப்பு. முந்தின நாளே அவள் அம்மாவோடு மயூர் விஹாரில் ஒரு தோழி வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அந்தக் குழந்தையைக் கூட்டிவந்து காட்சிப் பொருள் ஆக்கக் கூடாது என்று எனக்கும் இன்னொருவருக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது, ஆனால் அவளுக்குப் பாலம் பார்க்க வேண்டும். சரி, வா என்றோம். வழி முழுக்க இரும்பில் இருக்கிற ரிவெட் குமிழ்களை எண்ணிக்கொண்டு வந்தாள், முந்நூறு சொச்சத்தில் விட்டுவிட்டாள். அப்புறம் என் பக்கம் வந்து, "ஆன்ட்டி, கேம்ப்ல இருந்தப்ப நாங்க ஸ்கூலுக்கு நடந்தேதான் போவோம்" என்றாள். நான் ம் என்றேன். "இப்ப நாங்க வேன்ல போறதுக்கு நீங்க நடக்கிறீங்களா?" என்றாள்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. அவள் அந்தப் பதிலில் திருப்தியாகி மறுபடி ரிவெட் எண்ணப் போய்விட்டாள். எனக்குத்தான் அடுத்த இரண்டு கண்ணும் எப்படிக் கடந்தது என்று தெரியவில்லை.

மேற்குக் கரை நெருங்கும்போது புகை கொஞ்சம் விலகியது. வடக்கே பார்த்தால் மெட்ரோ பாலம், சாஸ்திரி பார்க்கிலிருந்து கஷ்மீரி கேட்டுக்கு ஒரு ரயில் சத்தமே இல்லாமல் வழுக்கிப் போனது. 2002 டிசம்பரில் தில்லி மெட்ரோ முதன்முதலில் ஓட ஆரம்பித்த தடம் அது. அதைக் கட்டிய மெட்ரோ நிறுவனத்துக்கு அப்போது நிர்வாக இயக்குநர் ஸ்ரீதரன். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்து, தனுஷ்கோடி ரயிலையும் கடல் கொண்டுபோன பிறகு, 46 நாளில் பாலத்தைச் சீராக்கி ரயிலை ஓடவிட்ட அதே ஸ்ரீதரன். அப்போது மாமாவுக்குப் பன்னிரண்டு வயது. கடலிலிருந்து கர்டரைத் தூக்குவதைக் கரையில் நின்று வேடிக்கை பார்த்ததாகச் சொல்வார், அந்த வேடிக்கைதான் பிறகு வேலையானது என்றும் சொல்வார். கூட நடந்தவர்களிடம் இதை நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் யமுனைக்கு வருகிற கடற்காகங்கள், படித்துறைப் பக்கம் படகில் இருந்து யாரோ எறிகிற காராசேவுக்காக ஆற்றையே வெள்ளையாக மூடிக்கொண்டு சுற்றின. எங்கள் ஊர்க் கடற்கரையில் மீனுக்குச் சண்டை போடுகிற சாதி, இங்கே காராசேவு தின்கிறது. தில்லி யாரைத்தான் மாற்றவில்லை.

அந்தக் கரையில் சலீம்கட் கோட்டைச் சுவர். 1945ல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்து வீரர்களை அடைத்து வைத்த இடம். மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் நிறையப் பேர். அந்தச் சுவரைக் கடக்கிற ரயிலில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று யோசித்துக்கொண்டே யமுனா பஜார் அனுமார் கோயில் பக்கம் போய் நின்றோம். மயூர் விஹார் மெஸ்காரர் இட்லியும் பொங்கலும் கொண்டுவந்து காத்திருந்தார். பொங்கல் ஆறிப்போய்க் கல்லாகியிருந்தது, ஒரு பருக்கை மிச்சமில்லை. வண்டிகளெல்லாம் கிழக்குக் கரையில் நின்றதால் திரும்பவும் அதே 12 கண்ணையும் நடந்துதான் போனோம். அதற்கு யாரும் பணம் தரவில்லை.

இனி கணக்கு. இதைச் சொல்லாமல் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுவது எனக்குப் பிடிக்காது. மொத்த வசூல் 1,03,450 ரூபாய். வராத 33 பேரில் பெரும்பாலோர் தங்கள் பங்கை அனுப்பிவிட்டார்கள், தூங்கிய குற்ற உணர்ச்சியில் சிலர் கூடுதலாகவே. செலவு: டி-ஷர்ட் 80க்கு 12,800. பேனர் 1,400. சாப்பாடு, தேநீர் 6,000. ஆக 20,200. மிச்சம் 83,250. பதினோரு பிள்ளைகளுக்கு வேன் மாதம் 33,000 என்றால் இரண்டரை மாதம், அதற்கு 82,500, கையில் 750.

அந்த டி-ஷர்ட் பணம் இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஒன்பது பள்ளி நாள் வேன் கட்டணம் அது. டி-ஷர்ட் இருந்தால்தான் படம் எடுத்துப் போடுவார்கள், படம் போட்டால்தான் அடுத்த வருடம் ஆள் வரும் என்கிறது மறு தரப்பு. அதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் மீந்து போன 33 டி-ஷர்ட்டும் என் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது, எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா அதில் ஒன்றால் ஜன்னல் துடைக்கிறார்.

கணக்கு எழுதியது வங்கியில் வேலை பார்க்கிற ஒரு நண்பர். அவர் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். "எல்லாத் தொகையும் பன்னிரண்டால் வகுபடுது, ஒண்ணே ஒண்ணு இடிக்குது. உங்க பேருக்கு வந்த 1,450. கண்ணுக்கு 120 ரூபாய் 83 பைசா வருது, யாருங்க இது?"

மாமா. எனக்கே தெரியாது, அத்தை மகனிடம் சொல்லிக் கைபேசியில் போடச் சொல்லியிருக்கிறார். மறுநாள் கேட்டேன்.

"கண்ணுக்குப் பத்து ரூபா போட்டேன்த்தா."

"பன்னெண்டு கண்ணுதானே மாமா, நூத்தி இருபதுதான் வரும்."

"அது ஒன் பாலத்துக்கு. நான் எம் பாலத்துக்குப் போட்டேன்." பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. பக்கத்தில் புதியது கட்டி 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. மாமா இன்னும் அதில் ஏறவில்லை. கூப்பிட்டால் முழங்கால் வலி என்கிறார். யமுனையிலும் பழையதை ஒட்டிப் புதிய ரயில் பாலம் எழுந்து நிற்கிறது, அது இருபது வருடத்துக்கு மேல் இழுத்த வேலை என்று சொன்னேன். "46 நாளு" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். அப்புறம், "மேல ஒதுங்குற மேடை எப்பிடிப் போட்டுருக்கான், பாத்தியா?" என்று கேட்டார்.

எங்கே பார்த்தேன். நாங்கள்தான் கீழேயே நடந்தோமே.

பிப்ரவரி நடுவில் பணம் தீர்ந்தது. இந்த முறை நடக்கவில்லை, டி-ஷர்ட் இல்லை, வெறும் வாட்ஸப் செய்தி போட்டோம். பாதிகூட வரவில்லை. மீதியை எங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டோம். அந்த வண்டிக்காரரைப் பார்த்தால் இதைச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்: சும்மா கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள் பாய், அதனால்தான் நடந்தோம்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, வேலை எதுவும் இல்லை, பழைய தில்லி நிலையத்தில் ஷாதரா போகிற உள்ளூர் ரயிலில் ஏறினேன். மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. சலீம்கட் சுவர் போனதும் வண்டி நடக்கிற வேகத்துக்கு இறங்கியது. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே வந்தேன், நாலாவதா ஐந்தாவதா என்று கண் கணக்குத் தவறிய இடத்தில் ஒரு மேடை வந்தது. அதில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர், தோளில் சுத்தியல், கையில் சுருட்டிய கொடி. பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.